முடியாத கேம் கேட்டவர்

நாகர்கோவிலில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். பாதி நாள் கரண்ட் இல்லாத ஒரு வருடம், கடற்கரை ஊரிலிருந்து அவர் வந்தார். வெயிலில் இறுகிய முகம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பேசும்போது மேசையில் கிடந்த மவுஸ் வயரில் முடிச்சுப் போடுவார், அவிழ்ப்பார், மறுபடியும் போடுவார்.

“கேம் விளையாட டிவியில மாட்டுற பெட்டி லாபமா, கம்ப்யூட்டர் லாபமா மக்கா?”

“பெட்டி வெல கொறவு அண்ணாச்சி. ஆனா ஒரு கேம் முடிஞ்சா அடுத்த டிஸ்க் வேண்டணும். கம்ப்யூட்டருக்கு மொதல்ல செலவு கூடுதல். பொறவு நெட்டுல சும்மாவே நெறய கேம் கெடைக்கும்.”

“முடியாத கேம் எதுல இருக்கு?”

“யாருக்கு அண்ணாச்சி?”

“மூத்தவனக் கடலு கொண்டு போச்சு. எளையவனும் வள்ளத்துல ஏறணும்னு நிக்கான். கேம் வேண்டித் தந்தா வீட்டுல இருப்பேன்னு சொல்லுகான்.”

கம்ப்யூட்டரே இருக்கட்டும் என்று பணத்தை எடுத்தவர், நீட்டாமல் நின்றார்.

“கரண்டு போனா?”

“யுபிஎஸ் இருக்கு. பத்து நிமிஷம் நிக்கும்.”

“கரண்டு வர நேரமாவும். அதுக்குள்ள அவன் வள்ளம் ஏறக் கடப்புறத்துக்குப் போயிருவான் மக்கா.”

முதலில் கம்ப்யூட்டரை வாங்குங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். அந்தப் பணத்துக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினார். கம்ப்யூட்டர் அடுத்த மாதம் என்றார். பேட்டரியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை. அந்த இன்வெர்ட்டரில் ஒரு ஃபேன் ஓடினால்கூடப் போதும். அதன் கீழே அந்தப் பையன் படுத்திருக்க வேண்டும்.