திருப்பிக் கட்டிய சுருள்

பொன்னுரங்கம் திருப்புளியின் முனையால் கிட்டாரின் வயிற்றைத் தட்டிக்கொண்டிருக்கிறார். வயிறு என்று அவர் சொல்வது, கம்பிகளுக்கு அடியில் கறுப்பு உறைக்குள் இருக்கும் 'பிக்கப்'பை. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக ஓடும் அந்தச் சுருள்தான், மேலே அதிரும் கம்பியின் அசைவை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. தட்டும்போது ஒலிபெருக்கியில் 'டொக்' என்று கேட்டால் சுருளில் உயிர் இருக்கிறது. கேட்காவிட்டால், ஒருமுறை சப்புக்கொட்டிவிட்டு உறையைக் கழற்றுவார்.

சங்கராபுரத்தில் கள்ளக்குறிச்சி சாலையோரம் இருக்கிறது அவருடைய கடை. 'மோட்டார் காயில் கட்டித் தரப்படும்' என்பதற்குமேல் பலகையில் ஒன்றும் இல்லை. முன்பக்கம் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் வரிசையில் கிடக்கும். பின்பக்கத்து மேசையில், சேலத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கூரியரில் வந்த மின்சாரக் கிட்டார்கள். எல்லாமே நாற்பது, ஐம்பது வயதானவை. தேவாலயங்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் உழைத்தவை. மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சும் அவசரத்தில் வருகிற விவசாயிகள், "இது இன்னாங்க, இங்க கெடக்குது?" என்று கேட்பதுண்டு.

"இதுவும் மோட்டாருதான். தண்ணி மட்டும் வராது" என்பார்.

இந்தக் கிட்டார்களுக்கு அவர் செய்யும் மாற்றங்களை வேறெங்கும் காண்பது அரிது. மின்விசிறி ரெகுலேட்டரின் திருகு சுவிட்சைப் பிரித்தெடுத்து ஒரு கிட்டாரில் பொருத்தியிருக்கிறார். ஐந்தில் வைத்தால் குரல் கணீரென்று இருக்கும். ஒன்றில் வைத்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். வீட்டு வாசலில் இருக்கும் அழைப்புமணிப் பொத்தானை இன்னொன்றில் பதித்தார். அழுத்தினால் ஒலி நின்றுவிடும். விட்டுவிட்டு அழுத்தினால் கிட்டார் திக்கும். அதன் சொந்தக்காரரான புதுச்சேரிக்காரர் மகிழ்ந்துபோய்க் குரல்பதிவு ஒன்றை அனுப்பினார். பொன்னுரங்கம் அதை ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டார். 'நல்லாகீது' என்று பதில் சொல்லலாமா என்று எண்ணியே மேலும் இரண்டு நாள் போயிற்று.

மனைவி இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. காலையில் வடிக்கும் சோறு இரண்டு வேளைக்கும் ஆகும். "நாளைக்கு வாங்க", "கரண்ட் கம்மியா வருது" என்ற இரண்டு வாக்கியங்களுக்குமேல் பேசாமலே முடியும் நாள்கள் அவருக்கு உண்டு. மாலையில் கல்வராயன் மலை கருநீலமாகும்போது கடைக்கு வெளியே வந்து, பேருந்திலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். அவர் எதிர்பார்க்கும் ஆள் ஒருவரே: ரிஷிவந்தியம் கண்ணாயிரம்.

கண்ணாயிரம் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். தொண்ணூற்று மூன்றில் அவருடைய கிட்டாரின் இரண்டு பிக்கப்களில் ஒன்றின் சுருள் அறுந்துபோயிற்று. காயில் கட்டுகிறவர் என்று யாரோ சொன்னதை நம்பிப் பொன்னுரங்கத்திடம் கொண்டுவந்தார். மோட்டாரில் ஒரு சுருள் வலமாகப் போனால் பக்கத்துச் சுருள் இடமாகப் போக வேண்டும். பழகிய கை அந்த முறைப்படியே புதிய சுருளையும் திருப்பிக் கட்டிவிட்டது. இரண்டு பிக்கப்களும் சேர்ந்து ஒலித்தபோது கிட்டாரின் அடிக்குரல் முழுவதும் காணாமற்போய், மூக்கால் அழுவது போன்ற மெல்லிய குரல் ஒன்று மிஞ்சியது. வெட்கத்தோடு அதைப் பிரிக்கப் போனவரின் கையைக் கண்ணாயிரம் பிடித்துக்கொண்டார்.

"அவுக்காத. எவன்கிட்டயும் இந்தச் சத்தம் கெடையாது."

வேண்டும்போது நேராகவும், வேண்டும்போது தலைகீழாகவும் ஒலிக்கும்படி, பழைய வானொலி ஒன்றின் சுவிட்சைப் பொன்னுரங்கம் அதில் பொருத்திக் கொடுத்தார். குழு கலைந்த பிறகும், சுவிட்சில் தூசி என்று சொல்லிக்கொண்டு கண்ணாயிரம் மாதந்தோறும் வந்தார். தூசி இல்லாத மாதங்களிலும் வந்தார். ஒருவர் வாசிப்பார்; மற்றவர் தலை கவிழ்ந்து மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருப்பார்.

சென்ற மார்கழியில் கண்ணாயிரத்துக்குப் பக்கவாதம் வந்து, இடக்கையின் விரல்கள் மடங்காமற்போயின. சென்ற வியாழக்கிழமை காலை அவர் கிட்டாரை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பையில் சுவிட்சுக்குத் துளை இல்லாத புதிய மேல்தகடு ஒன்று இருந்தது. மகன் சுபாஷ் அவரைத் தான் இருக்கும் ஓசூருக்கே அழைத்துக்கொண்டு போகிறானாம். கிட்டாரைச் சென்னைக்காரர் ஒருவர் வாங்குகிறாராம். பழங்கிட்டார்களைச் சேர்க்கும் அவருக்கு, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும்; கூடுதல் சுவிட்சு கூடாதாம்.

பொன்னுரங்கம் சால்டரிங் கோலைச் சூடேற்றினார். தகட்டின் திருகாணிகளைத் துடைத்தார். பிறகு, தலை நிமிராமல் கேட்டார்.

"எடுத்துட்டா அந்தச் சத்தம் போச்சு. தெரியுமில்ல?"

"அதத்தான் அந்தாளு கேக்குறாரு."

"அவரு கேட்டாரு. நீ இன்னா கேக்குற?"

கண்ணாயிரம் ஓசூர் வீட்டைப்பற்றிச் சொன்னார். மூன்றாவது மாடியாம். லிஃப்டு இருக்கிறதாம். சன்னலைத் திறந்தால் இன்னொரு வீட்டுச் சன்னல் தெரியுமாம். கோலின் முனை புகைந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொறக்கறதுக்கு முன்னால ஒரு தபா கேட்டுக்கலாம்" என்றார் கண்ணாயிரம். ஒயரை ஒலிபெருக்கியில் செருகி, சுவிட்சைத் தலைகீழ்ப் பக்கம் தள்ளிவிட்டு, கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டார். வலக்கை கம்பிக்கு வந்தது, இடக்கை வரவில்லை. "யோவ் பொன்னு, நீதான் அமுக்கணும்."

"எனக்கு இன்னா தெரியும்?"

"முப்பது வருசமா இதோட கொடல உருவிக்கினு கீற, ஒரு கம்பி அமுக்கத் தெரியாதா? ரெண்டாவது கம்பி. கழுத்துல ஏழாவது கட்டம். நகத்தால இல்லய்யா, சதையால."

எந்தக் கிட்டாரையும் பழுதுபார்த்ததன்றி ஒருமுறையும் வாசிக்க முயன்றிராத பொன்னுரங்கம், முக்காலியை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாயிரம் சொன்ன இடங்களில் விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. ஐந்து, மறுபடி ஏழு, பத்து. தப்பிய இடங்களில் கண்ணாயிரம் காத்திருந்தார். ஒருவர் அழுத்த, மற்றவர் மீட்ட, நடை தெரியாத பிள்ளையைப் போல் பாட்டு விழுந்து எழுந்து வந்தது. ஆனால் குரல் மட்டும் அதே குரல்: மெலிந்து, மூக்கடைத்து, யாரையோ தேடுவதுபோல.

"இப்ப ஏழு. அவ்ளோதான், முடிஞ்சுது."

கடைசி நாதம் நீண்டு, தேய்ந்து, ஒலிபெருக்கியின் இரைச்சலுக்குள் கரைந்தது. வெளியே ரிஷிவந்தியம் பேருந்து ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போயிற்று. கண்ணாயிரம் வலக்கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கைய எடுய்யா. வேலயப் பாரு."

பொன்னுரங்கத்தின் விரல் ஏழாவது கட்டத்தில் கம்பியை அழுத்தியபடியே இருந்தது.