கொழும்புக்கு நடந்துபோன மத்தியானம்

நாங்கள் கனடாவுக்குப் போகிறோம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் குடியிருந்தோம். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கட்டில்கள் இருக்கவில்லை. அடுத்த நாள் பிரிட்ஜும் இல்லை. "ட்ரிப் போறம், பிள்ளை. திரும்பி வந்து புதுசு வாங்குவம்" என்றார் அம்மா. எனக்கு அப்போது ஏழு வயது. ட்ரிப் போவதென்றால் முதலில் வீட்டைக் காலியாக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று விமானங்கள் ஏறி இறங்கினோம். பிறகு மாடி வைத்த ஒரு பெரிய படகில், ஆற்றின் மேல் பல நாட்கள். அந்தப் படகில் எல்லோருக்கும், கைக்குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி, ஏணை கட்டியிருந்தார்கள். மீசை வைத்த பெரிய மனிதர்களும் ஏணையில் படுத்து ஆடுகிற நாடு உலகத்தில் இருக்கிறதென்பது எனக்குச் சொல்ல முடியாத சந்தோசத்தைத் தந்தது. ஆறு பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் காடு நகர்ந்துகொண்டே இருந்தது. கண்ணை மூடித் திறந்தால் அதே காடு, அதே மழை. எது கனவு, எது நான் பார்த்தது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

படகு எங்களை இறக்கிவிட்ட ஊர், பிரேசிலும் கொலம்பியாவும் பெருவும் ஒன்றையொன்று தொடுகிற மூலை என்பதைப் பின்னாளில் வரைபடத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அங்கே ஓர் அறையில் அடைந்து கிடந்தோம். எங்களோடு புதிதாகக் கலியாணம் கட்டிய ஒரு சோடியும் இருந்தது. ஆட்களைக் களவாகக் கனடாவுக்கு அனுப்புகிற ஏஜென்சியின் ஆளான ஒரு தமிழ்ப் பொடியன் தினமும் வந்து பாணும் தண்ணீரும் தந்துவிட்டு, "வெளியில தமிழ் கதைக்காதேங்கோ. ஆரும் கேட்டா இந்தியா எண்டு சொல்லுங்கோ" என்று அதே எச்சரிக்கையைச் சொல்லிப் போவான்.

ஒருநாள் காலை அவன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். அன்று பின்னேரம் எங்களை ஏற்றிப்போகச் சின்னப் படகு வருகிறதாம். அதற்குப் பிறகு சில நாட்களுக்கு ஒழுங்கான சாப்பாடு கிடைக்காதாம். "வாங்கோ அண்ணை, நல்லாச் சாப்பிட்டிட்டு வெளிக்கிடுவம்" என்று துறைக்குப் பக்கத்திலிருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்கு எங்களை அழைத்துப் போனான்.

அந்தக் கடைக்குச் சுவரே இல்லை. ஓலைக் கூரை, பிளாஸ்டிக் கதிரைகள், பூப்போட்ட மேசை விரிப்பு. கடைக்காரி, கையில்லாத சட்டை போட்ட பருத்த பெண், ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயைப் பிளந்து செய்த அடுப்பில் மீன் வாட்டிக்கொண்டிருந்தார். வாழையிலை போன்ற ஏதோ இலையில் சுற்றி வாட்டிய மீன். இலையைப் பிரித்ததும் எழுந்த ஆவியில் அப்பாவின் கண்ணாடி மங்கிப்போனது. பக்கத்தில் சோறு, பொரித்த வாழைப்பழம், ஒரு கிண்ணத்தில் மஞ்சள் நிறத்தில் பொலபொலவென்று ஏதோ மா. அம்மா ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இது மரவள்ளி!" என்றார் மெதுவாக. பல நாட்களுக்குப் பிறகு அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

அப்போதுதான் பக்கத்து மேசையில் பொலிஸ்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. ஏஜென்சிப் பொடியன் கைபேசியைக் காதில் வைத்தபடி எழுந்து தெருவுக்குப் போனான். அந்தச் சோடி தலையைக் குனிந்துகொண்டது. எனக்கோ அவருடைய தொப்பி பிடித்திருந்தது. நான் சிரித்தேன். அவரும் சிரித்து, என்னை நோக்கி விரலை நீட்டி ஏதோ கேட்டார். எந்த மொழியானாலும் பெரியவர்கள் சின்னவர்களிடம் கேட்பது என்ன என்று எனக்குத் தெரியாதா?

"கொழும்பு" என்றேன்.

பொலிஸ்காரர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு கடகடவென்று சிரித்தார். "கொலம்பியா! கொலம்பியா!" என்று தெருவின் கோடியைக் காட்டி, மேசை விரிப்பில் இரண்டு விரல்களை நடக்கவிட்டார். பக்கத்தில்தான், நடந்தே போகலாம் என்று அர்த்தம். கடைக்காரியும் சிரித்துத் தலையாட்டினார். அப்பாவும் சிரித்தார். தேவைக்கு மேலேயே சிரித்தார்.

அவர் வாயில் கொழும்புதான் கொலம்பியாவாகிறது என்று எடுத்துக்கொண்டேன். மூன்று விமானம் ஏறி, ஆறு முழுக்கப் படகில் வந்து, கடைசியில் கொழும்புக்குப் பின்பக்கமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம். இந்தப் பெரியவர்களுக்கு அது தெரியவில்லை. பொலிஸ்காரர் சாப்பிட்டுப் போனார். அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்த பொடியனோடு பைகளைப் பற்றிக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கதிரையிலிருந்து வழுக்கி இறங்கி நடக்கத் தொடங்கினேன்.

தெரு நேராகத்தான் போனது. மோட்டார் சைக்கிள்கள், மருந்துக் கடை, செருப்புக் கடை. ஓரிடத்தில் கம்பத்தில் இருந்த கொடி மாறியது. எங்கள் ஒழுங்கை போய்ச் சேருகிற பெரிய தெருவான காலி வீதி இனி வந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டில் கேட்கிற ரயில் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். பழம் விற்ற ஒரு பெண்ணிடம் "வெள்ளவத்தை எங்க?" என்று கேட்டேன். அவர் இரண்டு வாழைப்பழங்களை என் கையில் திணித்து, ஒரு வாங்கில் உட்காரவைத்தார். சாப்பிட்டேன். அப்போதுதான் அந்தத் தெருவில் ஒரு முகத்தையும் எனக்குத் தெரியாதென்பது உறைத்தது. அழத் தொடங்கினேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. கடைக்காரி ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் அப்பா அவருடைய இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காற்சட்டை முழங்கால் வரை ஏற, வெறுங்காலோடு இருந்தார். ஊரில் யாரும் பார்த்திருந்தால் அப்பா வெட்கத்திலேயே செத்திருப்பார். இறங்கி ஓடிவந்து என்னைத் தூக்கினார்.

"எங்கையடி குஞ்சு போனனீ?"

"வீட்டை" என்றேன்.

அப்பா என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

இருவருக்கும் நடுவில் என்னை இருத்திக்கொண்டு திரும்பி வந்தோம். அம்மா ஓடிவந்து முதுகில் ஓர் அடி போட்டுவிட்டு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். படகு துறையில் நின்றது. கடையிலிருந்தே தெரிந்தது. அந்தச் சோடி ஏறி உட்கார்ந்திருந்தது. பொடியன் கரையில் நின்று கையை ஆட்டினான்.

"அண்ணை, கெதியா வாங்கோ! இன்னும் நிக்குது!"

அப்பா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைக்காரியிடம் விரலைக் காட்டி இன்னொரு மீன் கேட்டார்.

"பிள்ளைக்குப் பசிக்குது, தம்பி. சாப்பிடட்டும்."

"எனக்குப் பசிக்கேல்லை, அப்பா" என்றேன். இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டவள் வேறு என்ன சொல்வாள்? அப்பா இலையைப் பிரித்து முள் எடுக்கத் தொடங்கினார். அம்மா ஆற்றைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு, வாரக்கணக்காகத் தூங்கும்போதுகூடக் கழற்றாத தோள்பையைக் கழற்றி மேசைக்கடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கொழும்புக்கே திரும்பி வந்து பாமன்கடையில் முந்தியதைவிடச் சின்ன அனெக்ஸ் ஒன்று எடுத்தோம். அப்பா கொட்டாஞ்சேனையில் முன்பு வேலை செய்த ஹார்ட்வெயார் கடைக்கே மறுபடி போனார். விசாரித்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னார்: "பிள்ளை காணாமப் போயிட்டாள். தேடிப் பிடிக்கிறதுக்குள்ள போட் போயிட்டுது." எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் பெருமையாகச் சிரிப்பேன். வளர வளர அந்தச் சிரிப்பு எனக்குக் குறைந்துகொண்டு வந்தது. அந்தச் சோடி ரொறன்ரோவில் வீடு வாங்கிப் படம் அனுப்பியபோது, அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த மத்தியானத்தை ஆரம்பத்திலிருந்து ஒழுங்காக நினைத்துப் பார்க்க எனக்கு எத்தனையோ வருடங்கள் தேவைப்பட்டன. நான் திரும்பி வந்தபோது படகு இன்னும் துறையில் நின்றது. படகுக்காரன் மூன்று தரம் ஊதினான். நானும் மூன்று தரம் பசிக்கவில்லை என்று சொன்னேன். அப்பா இரண்டையும் கேட்டார்; அதற்கு முன் 'வீட்டை' என்று நான் சொன்னதையும் கேட்டிருந்தார். கேட்டுக்கொண்டே ஏன் அவ்வளவு ஆறுதலாக, அவசரமே இல்லாமல், ஒரு முள்ளும் மிஞ்சாமல், அந்த மீனை எனக்குப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.