பெயரில்லாத பொத்தான்கள்

அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பொத்தான்களில் பார்வையற்றவர்கள் தொட்டுப் படிக்கும் புள்ளிகள் தேய்ந்திருந்தால், யாரும் கேட்காமலேயே மாற்றிவிட்டுத்தான் கிளம்புவான். வீட்டுக்கு வந்தால் சம்பளமில்லாத இன்னொரு வேலை. தொட்டிச் செடி வளர்ப்பவர்கள் கூடிப் பேசும் இணையதளம் ஒன்றை நண்பர்களோடு நடத்தினான். நிரல் எழுதுவதெல்லாம் அவன்தான்.

எந்த வசதி வேண்டுமென்றாலும் உறுப்பினர்கள் கேட்கலாம். அதிக ஓட்டு விழுவதை முதலில் செய்வான். வேலை முடிந்து கிடைப்பது கொஞ்ச நேரம்தான்; அந்த வரிசையை யாருக்காகவும் மாற்றாததில் அவனுக்குப் பெருமை.

படம் போடும் வசதிக்கு ஓட்டு குவிந்தது. அதற்காகத் தளத்தையே மாற்றினான். பொத்தான்களில் இருந்த எழுத்துகளை எடுத்துவிட்டு, அழகான சின்னங்களை வைத்தான். எல்லாரும் மெச்சினார்கள், செம்பருத்தி அக்காவைத் தவிர.

அது தளத்தில் அவருக்கு விழுந்த பட்டப்பெயர். இலை சுருண்டால், மொட்டு உதிர்ந்தால் எல்லாரும் அவரிடம்தான் ஓடுவார்கள். அவருக்குப் பார்வை இல்லை. போன் வாசிக்கக் கேட்டுத்தான் பதில் சொல்வார். எழுத்தில்லாத புதிய பொத்தான்களை அந்தப் போனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. பொத்தான்களுக்குப் பெயர் வேண்டுமென்று மகனை விட்டு ஒரு கோரிக்கை எழுதவைத்தார். ஒரு ஓட்டுகூட விழவில்லை. பிறகு அவர் வரவேயில்லை.

வேலைக்காக எந்த நாட்டில் சுற்றினாலும் அவருடைய பதில்களைத் தேடிப் படித்தவள், தங்கை நான். இந்த முறை ஊர் திரும்பியதும் அண்ணனிடம் கேட்டேன்.

"அக்காவை ஏண்ணா காணோம்?"

"கேட்டாங்க. யாருமே ஓட்டுப் போடல. நான் என்ன செய்ய?"

"நீ ஒண்ணு போட்டிருக்கலாம்ல?"

"செய்யறவனே ஓட்டுப் போட்டா அது அழுகுணி ஆட்டம்டி."

அந்த வாரம் அவன் போன் லிஃப்ட் குழியில் விழுந்து, திரை இருண்டது. புதிது வாங்கும்வரை வாசிக்கும் குரலை வைத்துச் சமாளித்தான். சாப்பிட்டுக்கொண்டே தளத்தைத் திறந்தான். விரல் போன இடமெல்லாம் போன், "பொத்தான். பொத்தான். பொத்தான்" என்றது. நான் சிரித்துவிட்டேன். அவன் கை தட்டிலேயே நின்றது.

"இதுல ஓட்டுப் போடுற பொத்தான் எதுடி?"

எனக்குச் சிரிப்பு அடங்கியது.

"இது யாருக்கு வேணுமோ, அவங்களால ஓட்டே போட முடியாது. நான் பாட்டுக்கு ஓட்டு எண்ணிட்டிருந்திருக்கேன்."

விடுப்பு எடுத்து ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் எழுதினான். என் போனில் அக்காவை அழைத்தான்.

"அட, தம்பியா! நல்லாயிருக்கியாப்பா?" குரலில் கோபமே இல்லை.

"எல்லாம் சரி பண்ணிட்டேன்க்கா. இப்ப வாசிக்கும். வாங்க."

"சந்தோஷம்பா. ஆனா எங்கிட்ட இப்ப செடியே இல்ல. பேச ஆளில்லாம என்னத்த வளர்க்கிறது? மாடி வீட்டுக்குக் கொடுத்துட்டேன். நீ பண்ணது மத்தவங்களுக்கு உதவும்ல?"

"உதவும்க்கா."

போனை என்னிடம் நீட்டினான். "நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்" என்றான்.

அதன்பின் அந்தப் பழைய கோரிக்கைக்கு ஒவ்வொன்றாக ஓட்டு விழத் தொடங்கியது. இத்தனை நாளும் பொத்தான் கிடைக்காதவர்களின் ஓட்டு. முடித்த வேலைதான், ஆனாலும் அண்ணன் அதை மூடவில்லை. வேலைக்குக் கிளம்புமுன் ஒருமுறை திறந்து, ஓட்டுப் போட்டவர்களின் பட்டியலைப் பார்க்கிறான். யார் பெயரைத் தேடுகிறான் என்று நான் கேட்குமுன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறான்.