ரசமட்டம் மேஸ்திரி கட்டிய புகைபோக்கி

மனைவி பிரிந்து போன நான்காவது வருடம், அவளிடமிருந்தே கொத்தனாருக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. அவள் நேரில் வரவில்லை. மகள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

“அப்பா, அம்மா ஒரு இடம் பிடிச்சிருக்காங்க. பழைய சலவைக்கடை. அதை மாத்தி பார்பிக்யூ ஓட்டல் வைக்கப் போறாங்க. கறி சுடற அடுப்பையும் புகைபோக்கியையும் ரெண்டு பேர் வந்து கட்டிப் பார்த்துட்டாங்க. ரெண்டு தடவையும் புகை உள்ளேயே திரும்புது. உங்களைக் கேட்டுப் பார்க்கச் சொன்னாங்க.”

“அவளா சொன்னா?”

“அவங்களேதான். வேலைக்கு மட்டும்தான்னு சேர்த்துச் சொல்லச் சொன்னாங்க.”

முதல் பாதி மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. அன்றைக்கே போய் முடி வெட்டிக்கொண்டார்.

ஊரில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். தரை சமமாக இருக்கிறதா, சுவர் நேராக நிற்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கிற, நடுவில் கண்ணாடிக் குழல் பதித்த கட்டைக்குத்தான் அந்தப் பெயர். இவருக்கு அந்தக் கட்டை தேவையில்லை. தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “வலது பக்கம் ஒரு நூல் தூக்கு” என்பார். வைத்துப் பார்த்தால் சரியாக ஒரு நூல் இறங்கித்தான் இருக்கும். அவர் பூசிய சுவரில் விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தாலும் ஒரு மேடு பள்ளம் தெரியாது. வீடு கட்டுகிறவர்கள் அவருக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அவருடைய வீட்டுக்காரியும் காத்திருந்தாள். கல்யாணமான மூன்றாம் வருடம் ஒரு துண்டு மனை வாங்கி அவரே வீடு எழுப்பினார். கூரை போட்டாயிற்று, முன்னறை பூசியாயிற்று, குடியும் வந்தாயிற்று. பாக்கி இருந்தது அடுக்களை. “அடுத்த மாசம் முடிச்சிடலாம்” என்றார். அந்த அடுத்த மாதம் பதினாறு வருடமாக வரவே இல்லை. அடுக்களைச் சுவர் செங்கல்லாகவே நின்றது. தரையில் மூன்று வீடுகளில் மிச்சமான மூன்று நிற டைல்ஸ், அதுவும் அடுப்புக்கு முன்னால் நான்கடிக்கு மட்டும். குளியலறைக்குக் கதவு இல்லை, ஒரு தார்ப்பாய் தொங்கியது. அவள் கேட்கும்போதெல்லாம் அவருக்கு ஒரே பதில்தான்: “நம்ம வீடுதானே, எங்க ஓடிடப் போகுது?”

வீடு ஓடவில்லை. மகள் படிப்பை முடித்த வருடம் மனைவி இரண்டு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குள் அவள் ஒரு பெரிய ஓட்டலில் வெங்காயம் உரிக்கிற வேலையில் சேர்ந்து, கறி சுடுகிற அடுப்படிக்கு வந்து, அங்கே ஏழெட்டுப் பேருக்கு மேலாளாகவும் ஆகியிருந்தாள். இரண்டு முன்னங்கைகளிலும் சூட்டுத் தழும்பு. ஓட்டலுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் மகளும் அங்கேயே போய்விட்டாள்.

தெருவில் காரணம் தேடினார்கள். அவர் குடிக்கிறவரில்லை, அடிக்கிறவரில்லை, வேறு பெண் பக்கம் திரும்பியவருமில்லை. டீக்கடையில் ஒருவர், “என்ன, வீட்டுல பூசலா?” என்று கேட்டதற்கு, பக்கத்தில் இருந்த பெயிண்டர், “பூசல் ஒண்ணும் இல்லைங்க. பூசலை, அதான் போயிட்டா” என்றான். கடையே சிரித்தது. கொத்தனாரும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்து அந்தச் செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இதுக்கா ஒரு பொம்பளை போவா, இதுக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கணும் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

சலவைக்கடைக்கு முதல் நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டார், தேய்த்த சட்டையோடு. அவள் சாவியோடு நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள், காதோரம் நரை. எலக்ட்ரீஷியனும் குழாய்க்காரரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள்.

“வாங்க மேஸ்திரி” என்றாள்.

பத்தொன்பது வருடம் கூட இருந்தவள், ஒருநாளும் அவரை மேஸ்திரி என்று கூப்பிட்டதில்லை. அவளைத் திருப்பி எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எலக்ட்ரீஷியன் மேடம் என்றார், குழாய்க்காரர் அக்கா என்றார். இவர் கடைசி வரைக்கும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே, தொண்டையைச் செருமியே சமாளித்தார்.

புகை ஏன் திரும்புகிறது என்று கண்டுபிடிக்க அவருக்குக் கால்மணி நேரம் ஆனது. முன்னால் கட்டியவர்கள் புகைபோக்கியைப் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடிச் சுவருக்கும் கீழேயே நிறுத்தியிருந்தார்கள். காற்று அந்தச் சுவரில் மோதி, புகையை அமுக்கிக் கீழே தள்ளியது. அடுப்புக்கு மேலே கழுத்து மாதிரி ஒடுங்க வேண்டிய இடத்தையும் பெட்டிபோல அகலமாக விட்டிருந்தார்கள்.

“முழுசா இடிக்கணும்” என்றார். “அடுப்போட உள்பக்கம் சூடு தாங்குற செங்கல்லு வைக்கணும். இவங்க சாதாக்கல்லு வச்சிருக்காங்க, ஒரே மாசத்துல வெடிச்சிடும்.”

“இடிச்சிடுங்க.”

“சுவரும் சரியில்லை. சோப்புத் தண்ணி இத்தனை வருஷமா ஊறியிருக்கு, மேல எது பூசினாலும் உதிரும். கல்லு தெரியச் செதுக்கி எடுத்துட்டுத்தான் பூசணும். தரை வாட்டமும் தெருப்பக்கம் போகுது, சாக்கடை பின்பக்கம் இருக்கு. எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன்.”

அவள் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். “எத்தனை நாள் ஆகும்?”

“பதினொரு வாரம்.”

“சொன்னா சொன்னபடி முடியணும். அதுக்கு மேல ஒரு நாள்கூட எனக்குத் தாங்காது.”

முடிந்தது. பதினொரு வாரத்தில் ஒருநாள்கூட அவர் வேலைக்கு வராமல் இருக்கவில்லை. இருபது வருடமாக அவருக்குக் கலவை போட்டுத்தரும் சித்தாள் பெண்ணுக்கே அது அதிசயமாக இருந்தது.

“என்ன அண்ணே, தினமும் எனக்கு முன்னாடி வந்து நிக்கறீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“வேலையைப் பாரு.”

“பார்த்துட்டுத்தான் இருக்கேன். யாரு யாரைப் பார்க்கறாங்கன்னும் சேர்த்துத்தான்.”

சித்தாளிடம் ஒளிக்க முடியாது. அவர் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார். வேலை முடிகிறபோது மனைவியின் மனசும் கொஞ்சம் இளகியிருக்கும். கடை திறந்ததும், சாயங்காலம் வேலை விட்டு வந்து கொஞ்ச நேரம் இங்கே உட்காரலாம். வருகிறவர்கள் யார் கட்டியது என்று கேட்பார்கள். அவள், இவர்தான் என்று கையைக் காட்டுவாள். கணக்கு முற்றிப்போய் எட்டாவது வாரம் ஒரு காரியம் செய்தார். கல்லாப்பெட்டிக்குப் பின்னால், யாரும் சொல்லாமலே, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குச் சின்னதாக ஒரு மேடை கட்டினார். முனையைக் கையாலேயே உருட்டி, வழவழவென்று தேய்த்து வைத்தார்.

அவள் மறுநாள் வந்து பார்த்தாள். “இது எதுக்கு?”

“யாராவது உட்காரலாம்னு...”

“யாரு?”

அவர் தொண்டையைச் செருமினார்.

“அங்க ஃப்ரிட்ஜ் வைக்கணும் மேஸ்திரி. வரைபடத்துலயே இருக்கே. இடிச்சிடுங்க.”

எலக்ட்ரீஷியன் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். சித்தாள் சம்மட்டியை எடுக்கக் குனிந்தாள். “நீ வேண்டாம்” என்று வாங்கி அவரே இடித்தார். முந்தின நாள் கட்டியது, இன்னும் இறுகியிருக்கவில்லை. நாலு அடியில் விழுந்துவிட்டது.

கடைசி நாள் அடுப்பைப் பற்றவைத்தார்கள். அவளே கரியை அடுக்கி நெருப்பு வைத்தாள். முதலில் புகை அடுப்பின் வாயில் தயங்கி நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அப்புறம் யாரோ மேலிருந்து இழுத்ததுபோல ஒரே வீச்சில் கழுத்துக்குள் ஏறியது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்த மகள், “நேரா மேல போகுது!” என்று கத்தினாள். குழாய்க்காரர் கைதட்டினார்.

மற்றவர்கள் புகையைப் பார்க்க வெளியே போனதும், அவள் அடுக்களைக்குள் நடந்தாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, கதவோரத்திலிருந்து மூலைவரை தடவிக்கொண்டே போனாள். மூலையில் விரலால் மேலும் கீழும் நீவினாள். கொத்தனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு பாராட்டுக்காகத்தான் பதினொரு வாரம் ஓடியது.

அவள் திரும்பினாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

“அப்போ உங்களுக்கு முடியும்” என்றாள். “இத்தனை வருஷமா நான் என்னையே சமாதானம் பண்ணிட்டு இருந்தேன். பாவம், ஊருக்கு உழைச்சுட்டு வர்றாரு, வீட்டுல கை ஓடலைன்னு. முடியாமத்தான் செய்யலைன்னு நினைச்சேன். பதினொரு வாரத்துல ஒரு கட்டடத்தையே புரட்டிப் போட்டுட்டீங்க. என் அடுக்களைக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்? சொல்லுங்க, கொத்தனாரைத்தான் கேக்கறேன்.”

“ஒரு வாரம்.” பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. “பத்து நாள் வச்சுக்கலாம்.”

“பத்து நாள்.” அவள் தலையை ஆட்டினாள். “சோத்துல செங்கல் தூள் விழுதுன்னு அடுப்புப் பக்கச் சுவர்ல பேப்பர் ஒட்டி வச்சிருந்தேனே, ஞாபகம் இருக்கா? அடுப்புக்கு நேரா ஒரு கொலைக்கேஸு. சமைக்கும்போதெல்லாம் அதையே படிப்பேன். பதினோரு வருஷம் படிச்சேன். யாரு குத்தினதுன்னு கடைசிவரைக்கும் தெரியாது, மீதி அஞ்சாம் பக்கத்துல இருந்துச்சு.”

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

“இப்பப் போய் முடிச்சிடறேன்” என்றார். “நாளைக்கே தொடங்கிடறேன். நீ வந்து...”

“நான் அங்க இல்லையே” என்றாள். ஒரு கடைக்காரி சரக்கு இல்லை என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக. பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, “அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை மதியம் வேலை செஞ்சவங்க எல்லாருக்கும் சாப்பாடு. நீங்களும் வந்துடுங்க” என்று சொல்லிவிட்டு, புகையைப் பார்க்கப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவர் மறுநாளே தொடங்கினார். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. பேப்பரைக் கிழித்துச் சுவரை நனைத்து, கலவையைத் தானே போட்டுத் தானே பூசினார். மிச்ச டைல்ஸைப் பெயர்த்தெடுத்துவிட்டு, முதல்முறையாகக் கடைக்குப் போய் ஒரே நிறத்தில் வாங்கிவந்து பதித்தார். குளியலறைக்குக் கதவு வைத்தார். ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. மகளை வரச்சொல்லிக் காட்டினார். அவள் நாலு பக்கமும் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டாள். “அம்மாகிட்ட காட்டறேன்பா” என்றபோது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். எலக்ட்ரீஷியன், குழாய்க்காரர், சித்தாள், கொத்தனார். மனைவியே பரிமாறினாள். தட்டுக்கு இரண்டு துண்டு சுட்ட கறி, எல்லோருக்கும் ஒரே அளவு. ஒருவருக்குக் கூடவும் இல்லை, ஒருவருக்குக் குறையவும் இல்லை. அவர் தட்டுக்கு வந்தபோதும் கை நின்று யோசிக்கவில்லை. கறி பஞ்சு மாதிரி இருந்தது, விளிம்பில் மட்டும் கருகி, லேசாகப் புகைமணத்தோடு. இப்படி அவள் சமைப்பாள் என்றே அவருக்குத் தெரியாது. வீட்டில் எப்போதும் அவசரச் சமையல்தான், புகைக்குப் பயந்து.

உள்ளே மகள் போனை அம்மாவிடம் நீட்டுவதைப் பரிமாறும் ஜன்னல் வழியாக அவர் பார்த்தார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மூலையைத்தான் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. நெடுநேரம் பார்த்தாள். கொத்தனார் வாயிலிருந்ததை மெல்ல மறந்தார்.

மகள் வந்து அவர் பக்கத்தில் குனிந்தாள்.

“என்ன சொன்னா?”

“நல்லா இருக்குன்னாங்க.”

“அவ்வளவுதானா?”

மகள் சித்தாளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். “இனிமே வாடகைக்கு விட்டா நல்ல ஆளா கிடைப்பாங்கன்னாங்கப்பா.”

சித்தாள் தன் தட்டிலிருந்த ஒரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். “சாப்பிடுங்க அண்ணே, ஆறிடும்” என்றாள். அவர் சாப்பிட்டார்.

கடை நன்றாகவே ஓடியது. ஆறு மாதத்தில் வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்கிற நிலை வந்தது. கொத்தனார் அதற்குப் பிறகு அந்தத் தெருவழியாகப் போவதில்லை. அடுத்த வருடம் முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கி, சாரம் ஏறுகிற வேலையை விட்டார். அவள் சொன்னபடியே பின்பாதியை அடுக்களையோடு சேர்த்து வாடகைக்கு விட்டார். அவள் சொன்னதும் தப்பவில்லை, நல்ல ஆட்கள்தான் கிடைத்தார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடி. அந்தப் பெண் சுவரைப் பார்த்துவிட்டு, “வீட்டுக்காரம்மா கொடுத்து வச்சவங்க” என்றாள்.

சாமான் இறக்கிய அன்றைக்கு அவர் முன்னறையில் படுத்திருந்தார். அடுக்களைப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கூடவே சுவரில் ஆணி அடிக்கிற சத்தம், ஒன்று, இரண்டு, பூச்சு பொரிந்து தரையில் விழுகிற சத்தம். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“அங்க அடிக்காதீங்க தம்பி” என்று குரல் கொடுத்தார். “உள்ள குழாய் போகுது. ஒரு அடி தள்ளி அடிங்க.”

“சரிங்க ஐயா” என்று பதில் வந்தது. ஒரு அடி தள்ளி அடித்தார்கள்.