ஒழுகட்டும் என்று விட்ட பெட்ரோல் டேப்

பெட்ரோல் வாசனை அடிக்கிற வீட்டில் அடுப்பு மூட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் என் கோபம் புரியும். மூணாற்றில் மழை பிடித்தால் லேசில் விடாது. வெளியே நிறுத்தினால் நனைந்து மறுநாள் கிளம்பாது என்று என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை முன்னறைக்குள் உருட்டிக்கொண்டு வந்துவிடுவார். நடுவில் ஒரு பலகைச் சுவர், அந்தப் பக்கம் என் அடுப்பு. ஒவ்வொரு தீக்குச்சியையும் ஜெபம் சொல்லித்தான் கிழித்தேன்.

வண்டி பழசு. சீமைக்குக் கப்பலேறிப் போன ஒரு சின்னத் துரை விட்டுவிட்டுப் போனது. இவர் தேயிலை ஃபேக்டரியில் மிஷின் பார்க்கிறவர் என்பதால் ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டார். டேங்குக்கு அடியில், பெட்ரோலைத் திறந்து மூட ஒரு சின்னப் பித்தளை டேப் உண்டு. அதுதான் ஒழுகியது. அதன் கீழே ஒரு பால் டப்பாவை வைத்துவிட்டு, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

அங்கேதான் எனக்கு முதலில் நெருடியது. ஃபேக்டரியில் ஒரு மிஷின் லேசாக முனகினாலும் சோற்றைப் பாதியில் விட்டு ஓடுகிற மனுஷர் அவர். வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் ஆடினால்கூட அன்றைக்கே சரிசெய்துவிடுவார். சொந்த வண்டி கண்ணெதிரே சொட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, ஏன்?

நான் சந்தேகப் பிராணிதான், மறைக்கவில்லை. சித்தூர்ப் பக்கம் வாத்தியார் வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பால்காரரிலிருந்து பாதிரியார் வரைக்கும் எல்லாரையும் ஒருதரம் உரசிப் பார்த்த பிறகுதான் நம்புவோம். ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி ஒன்றை எடுத்து, அவர் இல்லாத நேரம் டேங்குக்குள் விட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். வண்டி சும்மா நிற்கிற நாட்களில் பெட்ரோல் பெரிதாக இறங்கவில்லை. பால் டப்பாவின் அடிகூடச் சரியாக நனைந்திருக்காது. ஆனால் ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை பார்த்தால், ஊசியில் பாதிக்குமேல் காய்ந்து வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஃபேக்டரி ஓடாத நாளில்தான் மிஷினைத் திறந்து பார்க்க முடியும் என்பார். ஃபேக்டரியோ எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே போய்வர இவ்வளவு பெட்ரோலா என்று கேட்டதற்கு, ஓடும்போது இன்னும் அதிகமாக ஒழுகும் என்று உடனே பதில் வந்தது. யோசிக்காமல் வருகிற பதிலை நான் நம்புவதில்லை.

சாப்பாடு அதைவிட மோசம். ஞாயிறு மத்தியானம் நான் கறி எடுத்து, மசாலா அரைத்து, வேர்க்க வேர்க்கச் சமைத்து வைத்திருப்பேன். இவர் வந்து உட்கார்ந்து நாலு வாய் அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். பசியில்லாத முகம் எனக்குத் தெரியாதா? ஒரு ஞாயிறு கைதுடைக்கத் துண்டு நீட்டினேன். கையில் கருவாட்டு வாசனை. என் சமையலறையில் கருவாடு நுழைந்ததே கிடையாது. அப்படியானால் இவருக்கு யாரோ ஒருத்தி கருவாடு வறுத்துப் போடுகிறாள், இவரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

அன்றைக்கு அடுப்படியில் ஈர விறகை ஊதிக்கொண்டே அழுதேன். புகை என்று சொல்லிக்கொள்ளலாம். அவரோடு கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வார்த்தைகூடப் பேசிப் பார்த்தவளில்லை நான். அதற்குப் பிறகுதான் ஆசை வைத்தேன், அதனால் வலி அதிகமாக இருந்தது. கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் என் புடவைகளை அடுக்கி வைத்தேன். அது மட்டும் உண்மை என்று தெரிந்துவிட்டால், மலையிறங்கி அப்பா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்புவதில்லை. ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் போகக் கூடாது. ஒழுகல் இருக்கிறவரை அவருக்கு ஒரு சாக்கு இருக்கிறது. சாக்கை முதலில் அடைப்போம் என்று நினைத்தேன்.

அவர் ஃபேக்டரிக்கு நடந்து போன ஒருநாள் காலையில் வண்டியை வராந்தாவுக்குத் தள்ளினேன். பெட்ரோல் முழுவதையும் ஒரு தகர டின்னில் வடித்து, இறுக மூடி, தோட்டத்துக் கோடியில் கொண்டுபோய் வைத்தேன். அவருடைய ஸ்பானரை வைத்தே டேப்பைக் கழற்றினேன். விரல் முட்டி தோலுரிந்ததுதான் மிச்சம் என்று முதலில் தோன்றியது. பிறகு சட்டென்று இளகியது. உள்ளே இழுத்துத் தள்ளுகிற சின்னக் கம்பி, அதன் முனையில் வளையமாக ஒரு தக்கை. அந்தத் தக்கை காய்ந்து, சுருங்கி, ஒருபக்கம் பிளந்து கிடந்தது. இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் கொடுக்கிற மருந்து பாட்டில்களுக்கெல்லாம் தக்கைதான் மூடி. அவை காய்ந்து லொடலொடத்தால் வெந்நீரில் போட்டு வைப்பேன், உப்பி இறுகிவிடும். ஒரு தக்கையை எடுத்து பிளேடால் சீவினேன். கை அவசரப்பட்டு அதிகம் சீவிவிட்டது. இன்னொன்றைப் பொறுமையாகச் சீவி, பின்னல் ஊசியைக் காய்ச்சி நடுவில் துளை போட்டு, கொதிக்கிற நீரில் விட்டு எடுத்தேன். கம்பியில் மாட்டி, டேப்புக்குள் வைத்து அழுத்தினால் முனகிக்கொண்டே உள்ளே போனது. டேப்பை வண்டியில் பொருத்தி, பெட்ரோலைத் திரும்ப ஊற்றி, அடியில் டப்பாவை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

சாயங்காலம் வந்தவரிடம் சொன்னேன். குனிந்து டேப்பைத் தடவி, விரலை மோந்து பார்த்தார். சந்தோஷப்படுவார், குறைந்தபட்சம் ஆச்சரியப்படுவார் என்று ஒரு மூலையில் எனக்கும் ஆசை இருந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று.

"இதத் தொடச் சொல்லி யாரு உங்கிட்டக் கேட்டா?" என்றார்.

சந்தேகம் அதோடு தீர்ந்தது. இனி எனக்கு வேண்டியது அவளுடைய விலாசம் மட்டும்தான்.

அந்த ஞாயிறு அவர் வண்டியை வெளியே எடுத்ததும் முன்னால் போய் நின்றேன். "ஏனுங்க, இனிமே ஒழுவுதுன்னு சொல்ல முடியாதுங்க. எங்க போறீங்க?"

வண்டியை ஸ்டாண்டில் போட்டார். பிறகு, "எங்கம்மாவப் பாக்க" என்றார்.

மாமியாரை நான் கண்டது ஒரேயொரு தடவை, கல்யாணத்தன்று கோவிலின் கடைசி வரிசையில். அப்புறம் அவர் சின்ன மகளோடு திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஊருக்குப் போகவேயில்லையாம். பள்ளிவாசல் என்கிற ஊரைத் தாண்டி ஒரு எஸ்டேட்டில், தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்தில் இருந்துகொண்டு இன்னும் கொழுந்து பறிக்கிறாராம். சம்பந்தம் பேசும்போதே என் அப்பா இவரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்: ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தப் போகிற பெண், லயத்தோடு போக்குவரத்து இருக்கக் கூடாது, அம்மாவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. இவர் தலையாட்டியிருக்கிறார்.

"நீயுஞ் சேந்து போட்ட கண்டிசன்னுதான் இத்தன வருசமும் நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

என் அப்பா அப்படிச் சொல்லக்கூடியவர்தான். அதை நம்புவதற்கு எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மீதியைத்தான் நம்ப முடியவில்லை. அம்மா ஊரில் இருக்கிறார் என்று இத்தனை வருஷம் சொன்ன அதே வாய்தானே இது? கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வேண்டாம், அவங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்றார். அது என் சந்தேகத்துக்கு இன்னும் எண்ணெய் வார்த்தது.

தூறலில் மூணாறு கடைத்தெருவைத் தாண்டி, பள்ளிவாசல் இறக்கத்தில் இறங்கி, ஒரு எஸ்டேட் மண்ரோட்டில் திரும்பினோம். வழியெல்லாம் ஒரே யோசனை: கதவைத் திறக்கப்போவது எந்த வயதுக்காரி?

லயத்தின் கடைசி வீட்டு வாசலில், ஒரு வயதான அம்மாள் குந்தி உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தார். வண்டிச் சத்தத்துக்குச் சிரித்தபடி நிமிர்ந்தவர், பின்னால் என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நின்றார். நான் என்ன முகத்தோடு இறங்கினேனோ தெரியாது.

"அவன ஒண்ணுஞ் சொல்லாதீங்கம்மா" என்றார். "நாந்தான் வரச் சொன்னேன். இனிமே வர வேண்டாம்னு சொல்லிடுதேன்."

எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. "அத்தை, பசிக்குதுங்க, சோறு போடுங்க" என்றேன். அது ஒன்றுதான் வாயில் வந்தது. அவசரமாக ஒரு பலகையைக் கழுவித் துடைத்துப் போட்டார். சுடுசோறும் கருவாடும் வைத்தார். நீங்களும் உட்காருங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன். இருக்கட்டும்மா, இருக்கட்டும்மா என்றார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை என் மாமியார் என் முன்னால் உட்காரவேயில்லை.