மருந்துக்கடையில் நான் சொன்ன பதில்

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை என் கணவருக்குக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு. ரத்தமும் போனது. கோவில்பத்து மருந்துக்கடைக்கு ஓடினேன்.

"காய்ச்சல் இருக்காம்மா? ரத்தம் போகுதா?" என்று கடைக்காரர் கேட்டார். எங்கள் தெருக்காரர்கள் நாலு பேர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். கூச்சத்தில், "இல்லீங்க" என்றேன்.

மாத்திரை கொடுத்ததும் போக்கு நின்றது. நானும் நிம்மதியாகச் சமைத்தேன். சாயங்காலத்துக்குள் வயிறு உப்பி, வலியில் சுருண்டுவிட்டார்.

"ரத்தம் போனா இந்த மாத்திரையைக் குடுக்கவே கூடாதும்மா" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கணவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான் என்னால் முடிந்தது.

மூன்றாம் நாள் பார்க்க வந்த என் தம்பியிடம் அவர் சொன்னார்: "உங்க அக்காதான் உடனே ஓடிப்போய் மாத்திரை வாங்கியாந்தா."

அந்த "இல்லீங்க"வை இன்னும் அவரிடம் நான் சொல்லவில்லை.