டாக்டரம்மா காரின் தெர்மோஸ்டாட்

எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டர் தண்ணீரை அடைத்து வைப்பது தெர்மோஸ்டாட். காஞ்சிபுரம் வெயிலுக்கு அது எதற்கு என்று என் மெக்கானிக் கடைக்கு எந்தக் கார் வந்தாலும் கழற்றிப் போட்டுவிடுவேன். டாக்டரம்மாவின் வெளிநாட்டுக் காரிலும் சொல்லாமல் கழற்றினேன்.

மற்ற கார்களில் பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிடும் கார்புரேட்டர் அதில் கிடையாது. பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின். சூடேறும்வரை அதிகமாகவே பீய்ச்சும்; தெர்மோஸ்டாட் இல்லாமல் அது சரியாகச் சூடேறவே இல்லை. அது எனக்குத் தெரியாது. தாமல் கிராமத்துக்குப் பிரசவம் பார்க்கப் போன வழியில் கார் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. டாக்டரம்மா மாட்டுவண்டி பிடித்துப் போனார். தாயும் பிள்ளையும் நலம் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உண்மையைச் சொன்னேன்.

“கழட்டினத சொல்லியிருந்தா வேற வண்டில போயிருப்பேனேப்பா” என்றார். அதோடு சரி.

கழற்றியது பழைய இரும்புக்குப் போய்விட்டது. கையிலிருந்த வேறு இரண்டிலும், எவ்வளவு சூட்டில் திறக்கும் என்று காட்டும் எண் அழிந்திருந்தது. பட்டுக்குச் சாயம் போடும் பக்கத்துக்கடை பாய், இரண்டையும் நூலில் கட்டி அடுப்பிலிருந்த தண்ணீரில் தொங்கவிட்டார்.

“இது வெதவெதன்னு இருக்கசொல்லவே வாயத் தொறந்துக்கினு இருக்குது. அது கொதி வரப்போற நேரத்துலதான் தொறக்குது, பாருப்பா.”

எஞ்சினை நன்றாகச் சூடேறவிடும் இரண்டாவதை மாட்டினேன். புகை நின்றது.

இப்போதும் சாவி வாங்கும்போது டாக்டரம்மா கேட்பார்: “இன்னிக்கி என்னத்தப்பா கழட்டின?”

“ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு லேசாகிறது.